வளைவு அறியாத கை

1

பொறாமையில் பிறந்த கதை இது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, கண்ணுகளா? சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் கதை கேட்க வந்துகொண்டிருந்த நீங்கள், இப்போது ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் வின்னியைச் சுற்றி உட்காருகிறீர்கள். பெங்களூரில் கார் விற்கிற பிள்ளை. எந்தக் கார் எத்தனை நொடியில் நூறைத் தொடும், பந்தயத்துக்கு எந்த டயர், ஏர்பேக் ஆறு போதுமா என்று அவன் பேசப் பேச, உங்கள் டீயில் ஆடை கட்டிப்போகிறது. என் கதைக்கு என்றாவது உங்கள் டீ ஆறியதுண்டா?

சரி, நானும் ஒரு கார் கதை எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் ஆரம்பம்: "1906ஆம் ஆண்டு கோலார் தங்க வயலுக்குள் ஒரு மோட்டார் கார் புகுந்தபோது அங்கு வாழ்ந்த மக்கள்—"

வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பது மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "மாணிக்கராஜின் மீசையில் புழுதி இருந்தது. அந்தப் புழுதிமேல்கூட ஏனோக்குக்குப் பொறாமை."

இது இருக்கட்டும்.

3

மாணிக்கராஜ், ஒரு துரையின் கார் டிரைவர். ஏனோக்கும் டிரைவர்தான். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு இருக்கிறதே, கேஜ், அதை ஏற்றி இறக்கும் நீராவி இஞ்சின் அவன் கையில். பத்து வருஷம். ஒரு தடவைக்கு இருபது பேர். ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு சிராய்ப்பு கிடையாது. அதனாலேயே யாரும் அவன் முகத்தைப் பார்த்தது கிடையாது. கேஜில் போகிறவனுக்கு இஞ்சின் வீடு தெரியாது; இஞ்சின் வீட்டில் இருப்பவனுக்குக் கேஜ் தெரியாது. எதிரே ஒரு வட்டப் பலகை, அதில் கேஜ் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் ஒரு முள். முள்ளைப் பார்த்து ஓட்டுவான், முள்ளைப் பார்த்து நிறுத்துவான்.

(மாணிக்கராஜைப் பார்த்து நாய்கள் குரைத்தன. தன்னைப் பார்த்து ஒரு நாய்கூடக் குரைத்ததில்லையே என்று ஏனோக் நினைத்தான். சிரிக்காதீர்கள். பொறாமை அவ்வளவு சின்ன விஷயத்தில்தான் கூடு கட்டும்.)

கடைத்தெருவில் பேச்சு வந்தது.

"மணிக்கு இருபத்தஞ்சு மைலு போவுது. கூட ஓட முடியாம குதிரை முக்குது," என்றான் மாணிக்கராஜ்.

"போறது இன்னா பெரிசு? நிக்கணும்," என்றான் ஏனோக். "ஆயிரம் அடி எறக்கி, தண்ணிச் சொம்பு தளும்பாம நிறுத்துவேன். ஒன்னால முடியுமா?"

"கயிறு கட்டி உடுற வண்டிக்கு டிரைவரு எதுக்கு அண்ணாத்தே?"

கூட்டம் சிரித்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஏனோக்கின் மனைவி லூயிசாவும் சிரித்தாள். போகும் வழியில், "ஒரே ஒரு தரம் அந்த மோட்டார் வண்டில ஏறிப் பாக்கணுங்க," என்றாள்.

அன்று ராத்திரி ஏனோக் கஞ்சி குடிக்க— இல்லை, குடித்தான். நன்றாகவே குடித்தான். பொறாமைக்காரனுக்குப் பசி போகாது. எனக்கும் போகவில்லை.

4

மறுநாள் காலை பத்து மணி. துரை சுரங்கத்துக்குள் இருந்தார். கார் பாலகாட் சுரங்க ரோட்டோரம் நின்றது.

"குடு, நான் ஓட்டறேன்," என்றான் ஏனோக்.

மாணிக்கராஜுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. இஞ்சினைச் சுழற்றிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஏனோக் வண்டியைக் கிளப்பிய விதத்தில் அவன் புருவம் உயர்ந்தது. ஒரு உதறல் இல்லை. நேர் ரோட்டில் வேகம் ஏறியது. ஏனோக்குக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு நாய் குரைத்துக்கொண்டே ஓடி வந்தது.

தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடு வந்தது. அங்கே ரோடு இடப்பக்கம் வளையும்.

ஏனோக் திருப்பவில்லை. கேஜுக்கு வளைவு ஏது? சுரங்கக் கிணறு போகிற போக்கில் அது நேரே போகும். பத்து வருஷப் பழக்கத்தில் அவன் கை வேகம் கூட்டும் கம்பியின்மேல் இருந்தது. கண் எதிரே முள்ளைத் தேடியது. அங்கே முள் இல்லை. ரோட்டோரம் கடலை விற்கிற பார்வதம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பு! திருப்புய்யா!" என்று கத்தினான் மாணிக்கராஜ்.

திருப்பத் தெரியவில்லை. பிரேக்கை இழுத்தான். கூடைக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

"இன்னாடா, கண்ணு அவிஞ்சி பூச்சா?" பார்வதம்மா எழுந்திருக்கவே இல்லை. "கடலை வேணும்னா எறங்கி வந்து கேளு!"

மாணிக்கராஜ் நெற்றியைத் துடைத்தான். "திருப்பத் தெரியல. ஆனா இப்பிடி ஒரு பிரேக்கு நான் பாத்ததே இல்ல அண்ணாத்தே," என்றான்.

ஏனோக் இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. அவன் காதில் ஏறவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

5

மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்கும் அந்த நடுக்கம் நிற்கவில்லை.

முடிவு ஒன்று: மேஸ்திரி முனிரத்தினத்திடம் சொல்லிவிடுகிறான். "கை நடுங்குது. இன்னிக்கு வேற ஆளை உக்கார வைங்க." ஏன் என்று கேட்பார்கள். ஊர் முழுக்கத் தெரியும். கூட்டம் மறுபடி சிரிக்கும், லூயிசாவும் கூட. பத்து வருஷப் பெயர் ஒரு நாளில் போகும்.

முடிவு இரண்டு: சொல்லாமல் உட்காருகிறான். "கயிறு சரசரவென்று ஓட, முள் கடைசிக் கோட்டைத் தாண்ட, கீழே இருந்து—"

இதை முக்கால் பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது, கண்ணுகளா. டீ ஆறிப்போகும். வின்னியிடம் இப்படி ஒன்று இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வரிக்குப் போகும்போதுதான் உறைத்தது: ஒருத்தனை ஜெயிப்பதற்காக இருபது பேரைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருப்பது ஏனோக் அல்ல, நான்.

அடித்துவிட்டேன்.

6

ஆகவே இங்கேயே நிற்கிறேன். இஞ்சின் வீடு. நீராவி ஏறிவிட்டது. லூயிசாவின் தம்பி பர்னபாஸ், மற்றப் பத்தொன்பது பேரோடு கேஜுக்குள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா ஏனோக்கு, உக்காரலியா?" என்கிறார் மேஸ்திரி.

ஏனோக் வாயைத் திறக்கிறான். இதுவரை அவனுக்காக நான் பேசினேன். என் பொறாமையும் அவன் பொறாமையும் ஒட்டிப்போனதால் இனி என் வாயை நம்பாதீர்கள். நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லலாம், அவசரமில்லை. நீங்கள் சொல்லும்வரை கேஜ் அசையாது.