குடும்பத்தில் யாருக்கேனும்

நான்காவது மாடியில் மின்தூக்கி நிற்பதில்லை. மோகனராஜ் ஐந்தாவதில் இறங்கி, எரிவாயு உருளையை இடது தோளில் ஏற்றிக்கொண்டு, வலது கையால் சுவரைப் பிடித்தபடி ஒரு மாடி கீழே வந்தான். உருளையின் அடிவிளிம்பு தோளெலும்பில் அழுத்தியது. மடித்துப் போட்டிருந்த துண்டு வியர்வையில் நழுவிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து இது பதினேழாவது. கீழே லாரியில் இன்னும் இருபத்துமூன்று இருந்தன.

கதவைத் திறந்த பெண்மணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கலா தம்பி உன் அண்ணன்? மூணு வாரமா ஆளையே காணோம்."

"குடலிறக்கம் ஆன்ட்டி. ஆபரேசன் பண்ணியிருக்கு."

"கனம் தூக்குறவங்களுக்கு வர்றதுதான். பாத்துக்க, நீயும் தூக்குற."

அவன் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குள் போனான். பழைய உருளையைக் கழற்றி, புதியதை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தான். குமிழி வரவில்லை. காலி உருளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஐந்தாவது மாடிக்கு ஏறினான்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளுக்கு ஏழு வருடமாக கேஸ் கொண்டுவந்தவன் அவன் அண்ணன் கார்த்திகேசு. மோகனராஜுக்கு வேலை பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. கார்த்திகேசு மருத்துவமனையில் படுத்ததும் கேஸ் கடை முதலாளியான தவுக்கே கறாராகச் சொல்லிவிட்டார். ஓய்வு நாளில் தம்பி வந்து ஓட்டினால் மற்ற நாளை அவர் எப்படியாவது சமாளிப்பார். வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் மோகனராஜுக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

குடலிறக்கம் என்பது வீட்டில் பேசி முடிவு செய்த வார்த்தை. எடுத்தது வலது விரை. கட்டி எட்டு மாதமாக இருந்திருக்கிறது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு. வலி இல்லாததால் கார்த்திகேசு கேஸ் தூக்கியதால் வந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டான். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. இரவில் தைலம் தேய்த்துக்கொண்டான். ஒரு நாள் படியில் உருளையோடு உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் தம்பியிடம் சொன்னான். கார்த்திகேசுக்கு வயது இருபத்தொன்பது.

அறுவை முடிந்து நான்காவது வாரம், அண்ணன், தம்பி, அம்மா சந்திரிகா மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். காலை ஏழரைக்கு எண் எடுத்தும் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் ஃபரா தமிழ் பேசுகிறவர். சின்ன வயதுதான். அவர் கேள்வி கேட்கக் கேட்க கார்த்திகேசு மேசையில் இருந்த கைத்துடைப்புத் தாள் பெட்டியையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"வயித்துக்குள்ள நிணநீர் முடிச்சு ரெண்டு பெருசா இருக்கு," என்றார் டாக்டர். "கீமோ மூணு சுற்று குடுக்கணும். இது குணமாகக்கூடிய நோய்தான், பயப்படாதீங்க. முன்னாடியே வந்திருந்தா ஆபரேசனோட முடிஞ்சிருக்கலாம்."

"கேஸ் தூக்கினதால வந்ததா டாக்டர்?"

"இல்ல. தூக்குறதால வராது. உங்க வயசுலதான் இது அதிகமா வரும். குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா? அப்பாவுக்கு?"

"அப்பா சின்ன வயசுலயே போய்ட்டாரு. காச்சல்."

டாக்டர் எழுதப் போனார். பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த சந்திரிகா பேசினாள்.

"காச்சல் இல்ல."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் மடியில் இருந்த பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அலுவலகங்களில் தரை துடைத்துத் துடைத்து விரல் இடுக்குகள் வெளுத்திருந்தன.

"அவருக்கும் கீழதான் வீங்கியிருந்துச்சு. செம்பனைக் குலை மேல விழுந்துச்சுன்னு சொன்னாரு. பைராம் தோட்டத்துல அப்ப எல்லாரும் ஒரே வரிசையில குடியிருந்தோம். வெளிய தெரிஞ்சா ஆம்பளைய கேவலமா பேசுவாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஒரு வருசம் அப்படியே வேலைக்குப் போனாரு. கடைசியில வயித்துல கட்டி, மூச்சு விட முடியல. நிபோங் திபால்லேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்துனாங்க. ஒம்பது நாள்."

"அந்த ரிப்போர்ட் ஏதாவது இருக்கா அம்மா?"

"இல்ல."

"அப்ப வயசு?"

"முப்பத்துமூணு."

டாக்டர் வயதைக் குறித்துக்கொண்டார். "ரிப்போர்ட் இல்லாம அதேதான்னு உறுதியா சொல்ல முடியாது. எழுதி வச்சுக்கிறேன்," என்றார். பிறகு மோகனராஜைப் பார்த்தார். "நீங்க கூடப் பொறந்த தம்பியா? அண்ணனுக்கோ அப்பாவுக்கோ இருந்தா, மத்தவங்களைவிட உங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அப்பவும் வராதவங்கதான் ரொம்பப் பேரு. மாசம் ஒரு தடவ சுடுதண்ணியில குளிச்சிட்டு நீங்களே தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா மறுநாளே வாங்க. எதுக்கும் ஒரு ஸ்கேனுக்கு எழுதித் தரேன்."

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கார்த்திகேசு பூட்டில் கை வைத்தபடியே நின்றான்.

"எட்டு மாசம்மா. நானும் கேஸ் தூக்குனதாலன்னு நெனச்சேன்."

"என்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லலயேப்பா."

"நீ சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

சந்திரிகா அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோகனராஜ் கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, குளியலறை வாளியில் கலந்தான். அந்த வீட்டில் யாரும் சுடுதண்ணீரில் குளிப்பதில்லை. அம்மா கெண்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணி எடுக்க வெளியே நடைபாதைக்குப் போய்விட்டாள். அவன் தாழ்ப்பாள் போட்டு, குளித்து, சுவரைப் பார்த்தபடி நின்று விரல்களால் உருட்டிப் பார்த்தான். இடப்பக்கத்தில், பின்புறமாக, கயிறு சுருண்டதுபோல் ஏதோ தட்டுப்பட்டது. மறுபடியும் தொட்டான். இருந்தது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீர் ஆறும்வரை அங்கேயே நின்றான்.

கல் மாதிரி என்றால் எவ்வளவு கெட்டி என்று அவனுக்குத் தெரியவில்லை. தொழிற்சாலை லைனில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளைப் பார்க்கும்போதும் விரல் நுனியில் அந்த உணர்வு இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு குறைபாடுள்ள பலகைகளைத் தவறவிட்டான். சூப்பர்வைசர் குறித்துக்கொண்டார்.

ஸ்கேனுக்குக் கிடைத்த நாள் சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரத்துச் செவ்வாய். அவனுக்கு ஓய்வு நாள். வருடத்திலேயே கேஸ் அதிகம் போகும் வாரமும் அதுதான். தவுக்கே கைப்பேசியில் அதிகம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றார். வங்காளதேசத்து ஆள் ஒருவன் ஏற்கெனவே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

கார்த்திகேசுக்கு அப்போது இரண்டாவது சுற்று முடிந்திருந்தது. தலை, புருவம் எல்லாம் கொட்டிவிட்டது. மெத்தையைக் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே போட்டுப் படுத்திருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி.

"ஸ்கேன் தேதிய மாத்திக்கலாம்ணே," என்றான் மோகனராஜ். "போன் பண்ணி கேட்டேன். ஏப்ரல்ல இருக்காம்."

"தொட்டுப் பாத்தியா?"

மோகனராஜ் தலையாட்டினான். கார்த்திகேசு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"எந்தப் பக்கம்?"

"இடது. கட்டியான்னு தெரியல. என்னமோ இருக்கு."

"அப்ப ஏப்ரலாவது, மண்ணாவது. செவ்வாக்கெழம போ."

"தவுக்கே ஆள் எடுத்துருவாருண்ணே. ஏழு வருசம்."

"எடுக்கட்டும்." அவன் வாளியை அருகில் இழுத்துக்கொண்டான். "இன்னும் ரெண்டு மாசத்துல நான் அந்தப் படி ஏறுவேன்னு நீ நெனக்கிறியா? போடா."

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் அறை குளிராக இருந்தது. மலாய்க்காரப் பணியாள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கருவியை நகர்த்தினார். மோகனராஜ் அவருக்கு அந்த இடத்தைக் காட்டினான். அவர் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அது எல்லா ஆண்களுக்கும் உள்ள குழாய், இரண்டு பக்கமும் இருக்கும், மறுபக்கமும் தொட்டுப் பார் என்றார். மருத்துவர் வந்து படத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கட்டி இல்லை. வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் வெளியே வந்து, மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

அன்று பிற்பகலே கேஸ் லாரியில் வேறு ஆள் போனான்.

மார்ச்சில் தொழிற்சாலையில் பதினோரு ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கப் போவதாகப் பட்டியல் ஒட்டினார்கள். மோகனராஜின் பெயர் நான்காவதாக இருந்தது. மூன்று வருடமாக அவன் ஆள் அனுப்பும் ஏஜெண்டிடமிருந்துதான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். நிரந்தரமானால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, அம்மாவையும் சேர்த்து மெடிக்கல் கார்டு. ஒன்றுதான் பாக்கி. கம்பெனி கிளினிக்கில் உடல் பரிசோதனை.

"குடும்பத்த பத்தி கேட்டா இல்லைன்னு போடு," என்றான் கார்த்திகேசு. மூன்றாவது சுற்று முடிந்து அவன் அப்போதுதான் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தான். "உன் ஒடம்புல ஒண்ணும் இல்ல. எனக்கு வந்தத எதுக்கு நீ எழுதணும்?"

மோகனராஜ் கிளம்பும்போது சந்திரிகா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

கிளினிக்கில் தாதி நான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்தாள். புகைபிடிக்கிறாயா, ஆஸ்துமா உண்டா, எல்லாவற்றுக்கும் இல்லை என்று கோடு போட்டுக்கொண்டே வந்தான். மூன்றாவது பக்கத்தில் அந்தக் கேள்வி மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்கேனும் புற்றுநோய் இருந்ததுண்டா. அதற்குக் கீழே, பொய்த் தகவல் கொடுத்தால் வேலைநீக்கம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. இன்றைக்கு இல்லை என்று போட்டால், வருடா வருடம் ஸ்கேனுக்குப் போக என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது என்று யோசித்தான். குடலிறக்கம் என்று நான்காவது மாடிப் பெண்மணியிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அவன் உண்டு என்ற கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் இரண்டு பெயர்களை எழுதினான். சுப்பையா, தந்தை. கார்த்திகேசு, அண்ணன்.

மூன்று வாரம் கழித்து, மனிதவளப் பிரிவில் இருக்கும் சுஹானா அவனைக் கூப்பிட்டாள். அறைக்குள் வரச் சொல்லி, கதவைச் சாத்தி, உட்காரச் சொன்னாள். மற்ற பத்துப் பேரையும் காலையில் கூட்டமாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தம்பி, இந்தத் தடவ உங்க பேரு வரல. அடுத்த வருசம் பாக்கலாம். கான்ட்ராக்ட் இன்னொரு ஆறு மாசம் நீட்டியிருக்கு."

"மெடிக்கல்ல ஃபெயிலா அக்கா?"

"ஃபெயில்னு எழுதல. எல்லாம் நார்மல்தான். இன்சூரன்ஸ்காரங்க ரிஸ்க்குன்னு ஏதோ சொல்றாங்க. எனக்கு அவ்ளோதான் தெரியும்."

அவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்து மேசையில் விரித்தான். ஸ்கேன் முடிவும் டாக்டர் ஃபராவின் கடிதமும் இருந்தன.

"கட்டி இல்லைன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துருக்காங்க. பாருங்க."

சுஹானா பார்த்தாள். முழுவதும் படித்தாள். பிறகு தாள்களை அதே மடிப்புகளில் மடித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் ஃபைல்ல ஒரு காப்பி போட்டு வைக்கிறேன். ஆனா கோட்டா முடிஞ்சிருச்சு தம்பி." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஏன்லா எழுதுனீங்க? யாரும் போய் பாக்க மாட்டாங்களே."

வீட்டில் அவன் சொன்னபோது கார்த்திகேசு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு இருந்தான். "அப்பா பேரையும் எழுதுனியா?" என்று கேட்டான்.

"எழுதுனேன்."

சந்திரிகா அடுப்படி வாசலில் நின்றாள். "இத்தன வருசத்துல யாரும் எழுதல," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் மாதம் தொழிற்சாலையில் ஆரோக்கிய வாரம் வந்தது. காலை இடைவேளையில் சூப்பர்வைசர் லைனுக்கு வந்து, பதாகை கட்ட, உயரமாக இருக்கிறாய் என்று மோகனராஜைக் கூட்டிக்கொண்டு போனார். உணவகத்தில் மேசைகளை ஒதுக்கி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மூலையில் திரை கட்டி அதற்குப் பின்னால் ஸ்கேன் கருவியும் கட்டிலும் இருந்தன. புது நிரந்தரக்காரர்கள் நீல அட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவன் அவனைப் பார்த்துக் கையசைத்தான். மோகனராஜ் ஒப்பந்தக்காரர்களின் மஞ்சள் அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அலுமினிய ஏணியில் ஏறினான்.

பதாகை இருபது அடி நீளம். மலாயில் பெரிய எழுத்தில், உங்கள் குடும்ப நோய் வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள், மறைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. கீழே, இலவசப் பரிசோதனை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். அவன் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு, இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுமுனைக்கு ஏறினான். கீழே சுஹானா படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் பதாகையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"வலது பக்கம் இறங்கியிருக்கு தம்பி. கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க."

அவன் முடிச்சை அவிழ்த்தான். கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, எழுத்துகள் நேராகும்வரை இழுத்துப் பிடித்தான்.