நீளக்காது

பிரான்ஸில் எங்கள் பிரெத்தோன் கடற்கரையில் படகில் ஏறிவிட்டால் 'முயல்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் காலத்து மரக்கப்பல்களில் அது கயிற்றைக் கொறித்துக் கப்பலையே கவிழ்த்ததாம். சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'நீளக்காது' என்பார்கள். மீனவரான என் அப்பாவும் சொன்னதில்லை. ஆனால் தினமும் காலையில் தன் படகின் ஒவ்வொரு குழாயையும் தடவிப் பார்ப்பார்.

டாங்கி என்பவருக்கு இதில் முதல் பாதி, அந்தச் சகுனம் மட்டும்தான் தெரியும். ரென் நகரத்தில் முப்பது வருஷம் பல் பிடுங்கிவிட்டு, ஓய்வுபெற்றதும் பத்து மீட்டர் பாய்மரப் படகு வாங்கியவர். கேனரித் தீவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி மார்த்தினிக் தீவு வரை துணைக்கு என்னைக் கூப்பிட்டார். 'கேப்டன்' என்று அழைக்கச் சொன்னார். அழைத்தேன். எனக்கென்ன நஷ்டம்?

இரண்டாம் நாள் சமைக்கும்போது ஒரு டப்பாவை எடுத்து, "முயல் கறி" என்று படித்தேன்.

"ஐயோ! ஸ்வாஸிக்! தோஷம் போக இரும்பத் தொடு, இரும்பத் தொடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"டப்பாவுல இருக்கறதத்தான் படிச்சேன் கேப்டன். உங்க பொண்டாட்டி வாங்கி வச்சது."

அதுபோல இருந்த மூன்று டப்பாக்களையும் கடலில் வீசினார். அன்றிலிருந்து ரொட்டியில் பூசணம் பூத்தால் நான் காரணம். காற்று விழுந்தால் நான் காரணம். அவர் கண்டதைப் போட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டால் அதற்கும் நான்தான். படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி வெளியே தள்ளும் பம்ப், ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடியது.

"கேக்குதா? படகு அழுவுது. எல்லாம் உன் வாயால."

"எங்கயோ ஒழுகுது. தரைப்பலகையத் தூக்கிப் பாப்போம்."

"நடுக்கடல்ல தரையத் தூக்கறதா? அபசகுனம்!"

அது எந்த ஊர் சகுனம் என்று கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

ஒன்பதாம் நாள் காலை குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவரைக் கேட்காமல் பலகையைத் தூக்கினேன். அடியில் கிடந்த தண்ணீரில் விரல் விட்டு நக்கினேன். உப்பில்லை. முந்நூறு லிட்டர் குடிதண்ணீரை எட்டு நாளாகக் கடலுக்கு ஊட்டியிருக்கிறோம்.

மிச்சம் கேன்களில் இருபத்துநாலு லிட்டர். கரைக்குப் பன்னிரண்டு நாள். இரண்டு பேர்.

பாய்மரத்தின் காலடியில் ஒரு குதிரை லாடம் செருகியிருந்தது. அதிர்ஷ்டத்துக்காக அவர் வைத்தது. படகு ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது பக்கத்தில் போன தண்ணீர்க் குழாயை அறுத்திருக்கிறது.

டாங்கி குனிந்து ஓட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நான் சொன்னேன்ல? கொறிச்சிருக்கு பாரு! இது பல் தடம்!"

"முப்பது வருஷம் பல் பாத்தவரு நீங்க. லாடத்துக்கு எத்தன பல்லு கேப்டன்?"

"அத வேற எடத்துல பத்திரமா வை" என்று சொல்லிவிட்டு, சாட்டிலைட் போனில் மனைவியிடம், "ஸ்வாஸிக் வாயத் தொறந்தா, டேங்க் காலி" என்றார்.

கேன்களை என் படுக்கையோடு சேர்த்துக் கட்டினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.

மறுநாள் காலை சவரக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"சவரத்துக்குக் கடல் இருக்கு. குடிக்கத் தர்றேன். முயல்னு சொல்லுங்க."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்!"

முன்பக்கம் போய் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. சாகவில்லை, பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மு..."

"காத்துல கேக்கல."

"முயல்! முயல்! போதுமா?"

கோப்பையைக் கொடுத்தேன். விளிம்பை நக்கும்வரை குடித்தார். படகு கவிழவில்லை. காற்று மாறவில்லை. குழாயை அடைத்ததிலிருந்து பம்பும் வாய் திறக்கவில்லை.

டாங்கி வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"பாத்தியா? லாடம் இருக்கறதாலதான் ஒண்ணும் ஆகல."

லாடத்தை நேற்றே கடலில் போட்டிருந்தேன்.