தூக்கத்தில் பிடிபட்டவள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, பதினேழாம் எண் பேருந்தில், டிக்கெட் பரிசோதகர் தன் சொந்த மனைவியை டிக்கெட் இல்லாமல் பிடித்தார். அந்த நேரத்தில் அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் செய்திக்குக் கண்டக்டர் சாட்சி. இரண்டாவதற்குக் கீழ்வீட்டுத் தையல்காரி சாட்சி. தைத்து முடித்த துணியைக் கொடுக்க மாடியேறியவள், அக்கா வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்குவதைப் பார்த்து, துணியை நாற்காலியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்திருந்தாள். பேருந்திலோ அந்த அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் இடது கை விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பரிசோதகர் குனிந்து பார்த்தபோது அந்தக் கையில் ஆறு விரல்கள் இருந்தன. டிக்கெட் எங்கே என்று கேட்டார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். அடுத்த நொடி இருக்கை காலியாக இருந்தது. ரெக்ஸினில் சூடு மட்டும் மிச்சம். “இறங்கிட்டாங்களா சார்?” என்று கண்டக்டர் கேட்டார். வண்டி மேம்பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். வேலையால் வந்த பெயர், ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது கழன்று விழவில்லை. பால் பாக்கெட்டின் தேதி, பூட்டின் நாக்கு, மனைவியின் கைப்பை, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அடித்தவரில்லை, திட்டியவருமில்லை. கேட்பார், அவ்வளவுதான். ஏன் பத்து நிமிஷம் லேட்டு, போன்ல யாரு, இப்ப எதுக்குச் சிரிச்ச. பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவளுக்கு ஆறு வருஷமாக ராத்திரி டியூட்டி. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது என்பது அவருக்குத் தெரியாது. காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். தூங்குகிறவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

வார்டுக்கு வெளியே நோயாளிகளின் உறவினர்கள் உட்காரும் பெஞ்சில், அட்டை கிழிந்த ஒரு பத்திரிகை கிடந்திருக்கிறது. கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளலாம், தெரிந்துவிட்டால் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்று அதில் ஒரு கட்டுரை. ஆரம்பத்தில் செய்ய வேண்டிய பயிற்சிகளும் இருந்தன. விழித்ததும் அசையாமல் படுத்துக் கனவை நினைவுபடுத்தி எழுதி வைக்க வேண்டும். பகலில் அடிக்கடி விரல்களை எண்ண வேண்டும், கடிகாரத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். கனவில் விரல் கூடிவிடும், மணி மாறிவிடும். அவள் நம்பவில்லை. இருந்தாலும் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது வாரம் கனவில் ஒரு படிக்கட்டில் நின்று விரலை எண்ணினாள், ஆறு வந்தது, வந்த சந்தோஷத்திலேயே விழித்துக்கொண்டாள். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் விழிப்பு வராது என்று கட்டுரையின் கடைசியில் போட்டிருந்தது.

இதையெல்லாம் செக்கர் வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கடிகாரத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறாள். விரல் விட்டு எதையோ எண்ணுகிறாள். தலையணைக்கு அடியில் நோட்டு வைத்து எழுதுகிறாள். அவருடைய அனுபவத்தில் இப்படி இருக்கிறவர்களின் பையில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்காது. பேருந்தில் பார்த்த அன்று சாயங்காலம் கேட்டார்.

“இன்னைக்கு எங்க போயிருந்த?”

“தூங்கினேங்க. வேற எங்க போவேன்?”

அவள் பொய் சொல்லவில்லை. பேருந்தில் வந்தது கனவுச் செக்கர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவருக்கு அந்தக் குரலின் நிதானமே சந்தேகத்தைக் கிளப்பியது. மறுநாளிலிருந்து வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். தூங்குகிற வீட்டில் திருடன் நுழையக் கூடாதே என்று காரணம் சொன்னார். பூட்டிய நாளில் தபால் நிலைய வாசலில் அவளைப் பார்த்ததாகத் தெரிந்தவர்கள் அவருக்குப் போன் செய்தார்கள். அதற்கடுத்த நாள் பூங்காவில், செருப்பில்லாமல் புல்லின் மேல். இரண்டு தடவையும் அவர் ஓடிவந்து பூட்டைத் திறந்தார், இரண்டு தடவையும் அவள் போர்வைக்குள் இருந்தாள். ஒருமுறை பாதத்தில் புல் ஒட்டியிருந்தது. அவளுக்கு இரட்டைப் பிறவி உண்டா என்று மாமியாருக்குப் போன் செய்தார். மாமியார் போனை வைத்துவிட்டார்.

வேறு வழி தெரியாமல், அவள் குளிக்கப் போயிருந்தபோது நோட்டை எடுத்தார். ஒரு ஆணின் பெயரையாவது எதிர்பார்த்துத்தான் திறந்தார். ‘இன்றும் அவர் வந்தார். இன்றும் பயந்து விழித்துவிட்டேன்’ என்ற வரியைப் படித்ததும் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் அந்த அவர் யார் என்பது இருந்தது. ‘காலரில் மைக்கறை. கையில் டிக்கெட் ஓட்டை போடும் கருவி. கனவிலும் எங்கே போகிறாய் என்றுதான் கேட்கிறார். கனவில்கூட இவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.’ அவர் தன் காலரைத் தொட்டுப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் முந்தின நாள் தேதி: ‘வெள்ளிக்கிழமை ரயில் நிலையம். கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் போதும். முடிந்தால் திரும்பப் போவதில்லை.’

வெள்ளிக்கிழமை அவர் லீவு போட்டார். அவள் படுத்து மூச்சு சீரானதும் தையல்காரியை அழைத்துக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு, ரயில் நிலையத்துக்கு ஓடினார். பூட்டவில்லை. இரண்டாம் பிளாட்பாரத்தில் அவள் நின்றிருந்தாள், குளிருக்குத் தேய்ப்பதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தபடி. கண்ணில் பட்டதும் அவருக்கு வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

“எங்க போற?”

அவள் முகம் வெளிறியது. ஆனால் கை நிற்கவில்லை. “சொல்ல மாட்டேன்,” என்றாள். “டிக்கெட் இல்ல. எடுக்கவும் மாட்டேன். யாரு கூடப் போறேன், எப்ப வருவேன், எதையும் சொல்ல மாட்டேன். நீங்க கேக்காத இடம் ஒண்ணு வேணும்னுதான் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். அங்கயும் வந்து நின்னா நான் எங்கதான் போறது?”

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. தையல்காரி. “அண்ணே, அக்கா தூக்கத்துல அழுவுறாங்க. கண்ணீரா ஓடுது. எழுப்பட்டுமா?”

எழுப்பச் சொன்னால் எதிரே நிற்கிறவள் மறைந்துவிடுவாள், எழுந்தவள் வீட்டில் இருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். ரயில் விசில் கொடுத்தது. அவர் மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்து அவை சிவந்திருந்தன. “எழுப்பாதம்மா,” என்றார். “போர்வையை மட்டும் இழுத்து விடு.” போனை அணைத்துவிட்டு வழியை விட்டு நகர்ந்து நின்றார். அவள் ஏறினாள், ரயில் போனது. எந்த ஊர் ரயில் என்று அவர் பலகையைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அவள் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்து நாடி பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆள்தான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். செக்கர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளாக வந்தால்தான் உண்டு என்று ஆகிவிட்ட பிறகு, தான் இத்தனை வருஷம் என்ன பிடித்தோம் என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் நாள் அவள் மூக்கு வெயிலில் கறுத்தது. மூன்றாம் நாள் தலைமுடியில் உப்பு வாடை அடித்தது. அன்று மதியம் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். அவர் சாப்பாடு எடுத்து வந்து வைத்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நாக்கைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாதி சாப்பாட்டில் அவளாகவே தொடங்கினாள். கடலுக்குப் போனதை, அலையில் முட்டி வரை நின்றதை, யாரும் எதுவும் கேட்காததை, மூன்றாம் நாள் அது கொஞ்சம் அலுத்துப்போனதை.

“கனவுல நீங்க ஸ்டேஷனுக்கு வந்தீங்க,” என்றாள்.

“உனக்குத்தான் கனவு. நான் லீவு போட்டுட்டு வந்தேன்.”

நம்பலாமா என்று அவள் அவரையே பார்த்தாள். இந்த முறை சந்தேகம் அவள் பக்கம் இருந்தது. அது தீர இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் அவள் ராத்திரி டியூட்டியை விட்டுவிட்டாள், போய்வருவதை விடவில்லை. விடுமுறை நாளில் காலையிலேயே படுத்துக்கொள்வாள். தெருவும் பழகிக்கொண்டது. அக்கா ஊருக்குப் போயிருக்கிறார், எழுந்ததும் சொல்கிறேன் என்று தையல்காரி வருகிறவர்களைக் கீழேயே திருப்பி அனுப்பினாள். மலைக்குப் போக முடிவு செய்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்வெட்டர் மாட்டி, ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். மெத்தை அழுக்காகுமே என்றார் அவர். செருப்போட மலை ஏற முடியுமா என்றாள் அவள். அதுவும் சரிதான் என்று அவர் பழைய செய்தித்தாள் இரண்டை எடுத்துவந்து, அவள் காலுக்கு அடியில் விரித்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து விட்டார்.