கண்ணாடி அலுமாரிக்குள் இன்வேர்ட்டர்

பாப்பாமோட்டையில் பரமநாதனின் அரிசி மில்லுக்கு இன்வேர்ட்டர் வந்தபோது, நாடா வெட்டியவரும் அவர்தான், நன்றியுரை சொன்னவரும் அவர்தான். மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பெட்டியைச் சும்மா சுவரில் மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. தேக்கில் கண்ணாடி அலுமாரி செய்வித்து, உள்ளே பெட்டியைப் பொருத்துவித்து, மாலையும் போட்டார். நெல் கொண்டு வந்தவர்கள் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றே மோட்டர் கீச்சிடத் தொடங்கியது. காதுக்குள் நுளம்பு புகுந்து குடித்தனம் நடத்துவதுபோல ஒரு சத்தம். மில்லுக்குப் பின்னால்தான் வீடு.

"பெரிய மிசின் எண்டால் சத்தம் போடத்தான் செய்யும்," என்றார் பரமநாதன்.

"அது நீங்கள்," என்றாள் மனைவி சிவக்கொழுந்து. "தலையிடி தாங்கேலாது. அந்தச் சனியன் வாய் மூடினால் சொல்லுங்கோ, வாறன்." நானாட்டானில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தான் வைத்த சொதியைத் தானே சாப்பிட வேண்டி வந்ததும் பரமநாதன் இறங்கி வந்தார். மோட்டருக்கடியில் ரயர்த் துண்டு வைத்தார்; சுற்றிவர உமிச்சாக்கு அடுக்கினார். கீச்சு நின்றபாடில்லை. கடைசியில், பெட்டியைக் கொண்டுவந்து பொருத்திய எலெக்ட்ரீசியன் பிரேமினியையே மன்னாரிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணை, பெட்டி கரண்டைத் துண்டு துண்டா வெட்டித்தான் மோட்டருக்குக் குடுக்கிறது. அந்த வெட்டுத்தான் கீச்செண்டு கேக்குது. இன்னும் வேகமா வெட்ட விட்டால் காதுக்கு எட்டாது."

"பிறகென்ன பிள்ளை, விடன்!"

"பூட்டின அண்டைக்கே விட்டுப் பார்த்தனான். வேகமா வெட்டினால் பெட்டி இன்னும் சூடாகும். உங்கட அலுமாரிக்குள்ள காத்தே இல்லை, அவிஞ்சு நிண்டுபோச்சு. அதாலதான் அண்டைக்குக் குறைச்சு விட்டனான். அலுமாரியோ, அக்காவோ? நீங்களே சொல்லுங்கோ."

பரமநாதன் அலுமாரியைப் பார்த்தார். அதன் நெற்றியில் அவர் பெயர் செதுக்கியிருந்தது. அடுப்பில் நேற்றைய சொதி இருந்தது.

"கழட்டு," என்றார், தலைவர் பதவியைத் துறப்பவரின் குரலில்.

பெட்டி மாலையில்லாமல், யன்னலோரக் காற்றில், வெறும் சுவருக்குப் போனது. பிரேமினி வெட்டும் வேகத்தைக் கூட்டினாள். அரிசி கொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "தாங்கும்," என்றாள்.

செய்தி கேட்டு வந்த சிவக்கொழுந்து மில் வாசலில் நின்றாள். "மோட்டர் ஓடேல்லையோ?"

"ஓடுது," என்றார் பரமநாதன். "ஆனால் ஆருக்குத் தெரியப்போகுது?"

முற்றத்தில் அநாதையாய்க் கிடந்த அலுமாரியையும் அவர் முகத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நேரே வேலியடிக்குப் போய் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

"துசாந்தினி! ஓடி வா! சத்தமே இல்லாத மோட்டரடி! மன்னார் முழுக்கத் தேடினாலும் எங்கட இவரிட்ட மட்டுந்தான் இருக்கு!"

கட்டுக்கரைக் குளம் வரை கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் குறைக்கப் பரமநாதன் ஒருவரையும் கூப்பிடவில்லை.