வறுக்கக் கேட்ட குச்சிகள்

கவாத்தில் வெட்டிய திராட்சைக் குச்சிகளைக் காயவைத்து, வறுத்து, ஒயினில் ஊறப்போட்டால் பாதாம் வாசனை ஏறும் என்று ஓவியா எங்கோ படித்திருந்தாள். ஓடைப்பட்டிக்கு அருகே ஒரு ஒயின் ஆலையில், ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வாசனைக்காகக் கப்பலில் வரவழைக்கும் ஓக் மரச் சீவலுக்குப் பதிலாக நம் பந்தல் கழிவே போதுமே என்று வைகாசியில் முதலாளி பலவேசத்திடம் கேட்டாள்.

"ஒரு கேன் ஒயின் தாரேன். மார்கழியில ருசி பாப்போம். தேறலைன்னா இந்தப் பேச்சே கூடாது" என்றார் அவர்.

அன்றே, ஆலைக்குப் பழம் தரும் சங்கிலியம்மாளின் தோட்டத்துக்குப் போய், கவாத்துக் குச்சிகளில் சாண் நீளத்தில், பென்சில் கனத்தில் முந்நூறு எடுத்துவைக்கச் சொன்னாள். எதற்கென்று சொல்லவில்லை. ஐப்பசிக் கடைசியில் வாங்க வந்தபோது, வரப்போரம் முந்நூறு கறுப்புப் பைகளில் முந்நூறு கன்றுகள் இலைவிட்டு நின்றன.

"ஒண்ணுகூடப் பட்டுப்போகல ஆத்தா" என்றாள் சங்கிலியம்மாள். "சாணிப்பால்ல முக்கி, ஈரமணல்ல பதிச்சு, பெத்த பிள்ளையாட்டம் பாத்தேன்."

"நான் வறுக்கக் கேட்டேன் சின்னம்மா."

"வறுக்கவா? சாண் நீளத்துல கேட்டா நடுறதுக்குன்னுதான் யாரும் நெனப்பாக. குச்சிய வறுக்குறவள இந்தச் சுத்துப்பட்டுல நான் கண்டதில்ல."

ஓவியா கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். இப்போதும் ஏதோ ஒரு பந்தலில் கவாத்து நடக்கும். ஆனால் பச்சைக் குச்சி உதவாது. மாதக்கணக்கில் காய வேண்டும். தான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையில் இத்தனை குச்சிகள் உயிர் பிழைத்துவிட்டன என்று நினைத்தபோது, அவளுக்குக் கோபமும் வரவில்லை.

"மிச்சக் குச்சிய என்ன செஞ்சீக?"

"நோஞ்சானையா? வெந்நி வைக்க ஆட்டுக்கொட்டாய்ப் பரண்ல போட்டேன். பாதி எரிச்சாச்சு."

ஓவியா பரணிலிருந்து ஒன்றை உருவி ஒடித்தாள். படக்கென்று முறிந்தது. தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து மிச்சம் இல்லை என்று ஆய்வகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே வறுத்தாள். மெலிந்த குச்சிகள் கண்மூடித் திறப்பதற்குள் கருகின. மூன்று தட்டு வீணாகி, நாலாவது தட்டுத்தான் கேனுக்குள் போனது.

மார்கழியில், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினாள். பலவேசம் ஒரு மடக்கை வாயிலேயே வைத்திருந்து மெல்ல விழுங்கினார்.

"பாதாம் எங்கன இருக்கு?"

"இல்லைங்க. கொஞ்சம் புகை. அடியில கிராம்பு மாதிரி ஒண்ணு."

அவர் இன்னொரு மடக்குக் குடித்தார்.

"சீவலுக்கு இப்ப ஆர்டர் போட வேணாம். அடுத்த கவாத்துக்கு நீயே அங்கன போய் நில்லு. வாயத் தொறந்து சொல்லு."