மீலோஸ் ஒப்பாரி

மேடையில் நான் மூன்றாவது ஆள். ராஜா வேஷம் ஒருத்தனுக்கு, ராணி வேஷம் இன்னொருத்தனுக்கு, மிச்சம் மீதியெல்லாம் என் தலையில். தாதி, காவல்காரன், கெட்ட சேதி கொண்டு ஓடி வருகிறவன், சமயத்தில் பிணம்கூட நான்தான். ஏதென்ஸ் நகரத்தார் வசந்தத் திருவிழாவில் ராஜாக்கள் செத்த கதையை என் வாயால்தான் கேட்கிறார்கள். ஒத்திகையில் கவிராயர்கள் என்னிடம் வந்து அளப்பார்கள்: "தேரோன், ஒருத்தன் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க என்னய்யா காரணம்? கர்வமா, கோபமா, பேராசையா?" மண்ணாங்கட்டி! பாசம் ஒன்று போதும். லிசில்லாவைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

லிசில்லா என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் குயவன், காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பிள்ளை எவ்தியாஸ், மீசை முளைத்து அதிக நாள் ஆகவில்லை. அவளைத் தெருவில் எல்லாரும் ஏதென்ஸ்காரி என்றே நினைத்திருந்தார்கள். பிறந்த வீட்டார் பெரிய கொள்ளைநோயில் பூண்டோடு போய்விட்டதாகப் புருஷன் ஊரெல்லாம் சொல்லி வைத்து, சாவதற்கு முன் மகனைக் குடிமக்கள் கணக்கிலும் சேர்த்துவிட்டான். என்னிடம் மட்டும் ஒருநாள் மூக்கு முட்டக் குடித்துவிட்டு உண்மையைக் கக்கினான். அவள் மீலோஸ் தீவுக்காரி. இங்கே அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸில் பிறந்திருந்தால்தான் பிள்ளை குடிமகன். அப்படிப் பிறக்காதவன் குடிமகனாகத் திரிந்து பிடிபட்டால் சந்தையில் விற்றுவிடுவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்ன வேறு பிழைப்பு இல்லையா?

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கப்பல்கள் மீலோஸுக்குப் போயின. ஆம்பிளைகளை வெட்டிப் போட்டுவிட்டு, பெண்டு பிள்ளைகளை ஏற்றி வந்து விற்றோம். தெருவே குடித்துக் கூத்தடித்தது. லிசில்லா கதவைச் சாத்திக்கொண்டு, தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் சுவரும் என் சுவரும் ஒன்று. அது எங்கள் ஊர் ஒப்பாரி இல்லை. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே ஏறி, சட்டென்று நின்றுவிடும். அவர்கள் ஊரில் ஒருத்தி அப்படிக் கூவி நிறுத்தினால் இன்னொருத்தி பதிலுக்குக் கூவ வேண்டுமாம். பதில் இல்லாத ஒப்பாரி செத்தவர்களுக்குப் போய்ச் சேராதாம். அவளே பின்னால் சொன்னாள். அவள் கூவுவாள், நிறுத்துவாள், காத்திருப்பாள். யார் பதில் கூவ?

இந்தக் குளிரில், சிசிலித் தீவில் நடக்கிற சண்டைக்கு இரண்டாவது படை அனுப்பத் தீர்மானம் ஆனது. மறுநாளே லிசில்லா என் வாசலில் நின்றாள்.

"அண்ணே, பாட்டுக்குழுவுல சேர்ந்தவங்களைத் திருவிழா முடியறவரைக்கும் படைக்குக் கூப்பிட மாட்டாங்களாமே? எம்புள்ளையைச் சேர்த்துவிடுங்க. அதுக்குள்ள கப்பல் போயிடும்."

"ஊர்ல மத்த பையன்லாம் போகலையா?"

"மத்த பையன்லாம் என் வயித்துல பொறக்கல. படை ஒரு ஊர்ல இறங்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ணே. வெட்டுறவனா போனாலும் சரி, வெட்டுப்படுறவனா போனாலும் சரி, எம்புள்ளை போக வேணாம்."

இந்த வருஷம் எங்கள் குழுவுக்குச் செலவு செய்தவர் ஆந்த்ரோன் என்கிற பெரிய மனிதர். அவரிடம் சொன்னேன். பையன் குரலைக் கேட்டதுமே சேர்த்துக்கொண்டார். நான் செய்தது தப்பு என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஒரு பிள்ளையைச் சாவிலிருந்து இழுத்துப்போடுவது தப்பென்றால் எது ஐயா சரி?

எவ்தியாஸ்தான் குமுறினான். "என் சேக்காளிங்க எல்லாம் துடுப்பு வலிக்கப் போறானுங்க. நான் பொம்பளை வேஷம் கட்டி ஆடணும். தெருவுல தலைகாட்ட முடியல மாமா."

"முகமூடி போட்டுத்தானேடா ஆடப்போற? தலையைக் காட்டவே வேணாமே."

அவன் சிரிக்கவில்லை.

நாடகம் ஒரு விழுந்த நகரத்தைப் பற்றியது. எதிரியிடம் சிக்கிய பெண்கள்தான் பாட்டுக்குழு. ஒருநாள் ஒத்திகையில் கவிராயர் கையிலிருந்த கோலை வீசி எறிந்தார். "எழவு வீடாய்யா இது? கல்யாண வீடு மாதிரி இருக்கு!" பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கூவல் கூவினான். அடித்தொண்டையில் தொடங்கி, மேலே ஏறி, சட்டென்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்ட அதே கூவல். கவிராயரோ குதித்தார்: "இதேதான்! மூணு தடவை கூவு. ஒவ்வொரு தடவையும் நிறுத்து. அந்த நிசப்தம் இருக்கு பாரு, அதுதான்யா நாடகம்!"

அவனைத் தனியே இழுத்தேன். "டேய், இதை எங்கடா புடிச்ச?"

"அம்மா அழறப்போ கேட்டது."

"வேற எதையாவது கூவித் தொலையேன்டா."

"ஏன் மாமா?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? பெற்றவள் எந்த ஊர்க்காரி என்று அவனுக்கே தெரியாது. லிசில்லாவிடம் ஓடிச் சொன்னேன். வெளிறிப்போனாள்.

"பாடட்டும்ணே. யாருக்குத் தெரியப்போகுது? மாத்துன்னு சொன்னா கோவிச்சுக்கிட்டுக் கப்பலுக்கு ஓடிடுவான். அதுக்குத்தான் ஒத்தைக்கால்ல நிக்கிறான்."

திருவிழா அன்று குன்றுச் சரிவு முழுக்கத் தலைகள். நான் தாதி முகமூடியோடு அரண்மனைக் கதவருகே நின்றேன். எவ்தியாஸ் கூவினான், நிறுத்தினான். கூட்டம் மூச்சுவிடவில்லை. இரண்டாம் முறை கூவினான். மூன்றாம் முறை கூவி நிறுத்தியபோது, கீழ் வரிசையிலிருந்து பதில் வந்தது. எங்களோடு போட்டிபோட்ட குழுவுக்குச் செலவு செய்த ஸ்ட்ராட்டோன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மெத்தை தூக்கி வந்த அடிமைப்பெண், மீலோஸிலிருந்து ஏற்றி வந்து விற்றவர்களில் ஒருத்தி, எழுந்து நின்று கூவினாள். தன்னை அறியாமல் வந்த குரல் அது.

ஐயோ, அதோடு நின்றிருக்கக் கூடாதா? உச்சி வரிசையில் பெண்கள் பக்கம் இன்னொரு குரல் எழுந்தது. லிசில்லா. அத்தனை நாள் தனியாகக் கூவிக் காத்திருந்தவளுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? இருவரும் மாறி மாறிக் கூவினார்கள். எல்லாரும் நாடகத்தில் சேர்ந்தது என்றே நினைத்தார்கள். அந்த இரண்டு பெண்களின் ஆட்களை வெட்டிய ஊரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ராட்டோன் மட்டும் அழவில்லை. அது தன் அடிமையின் ஊர் அழுகை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி உச்சி வரிசையைப் பார்த்தான், பிறகு பையனைப் பார்த்தான். பாட்டுக்குழுவில் வெளியூரான் ஆடக்கூடாது என்பது சட்டம்.

ஆட்டம் முடிந்ததும் அவன் இறங்கி வந்து பையன் முகமூடியைப் பிடுங்கினான். "உங்கம்மா எந்த ஊருடா?"

எங்கள் நாடகத்துக்கே முதல் பரிசு. கவிராயர் தலையில் மாலையோடு என்னிடம் வந்து, "அந்த ரெண்டு குரல், தேரோன்! எனக்கே தோணல பாரேன்" என்றார். அறைந்திருப்பேன்.

ஸ்ட்ராட்டோன் கொடுத்த புகார்மேல் விசாரணை சந்தைக்கருகே, சத்தியக்கல் முன்னால் நடந்தது. லிசில்லா அடிமைகளைப் போலத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். கல்மேல் கையை வைத்தாள்.

"நான் இவனைப் பெத்தவ இல்லீங்க. பெத்த மகராசி ஏதென்ஸ்காரி, கொள்ளைநோயில போயிட்டா. நான் மீலோஸ்காரி. இவங்கப்பா வீட்டு வேலைக்கு வாங்கின அடிமை."

நானும் கல்லைத் தொட்டு, "ஆமாங்க, எனக்குத் தெரியும்" என்றேன். மேடையில்கூட அவ்வளவு நன்றாக நான் பொய் சொன்னதில்லை. அதிகாரி தலையாட்டினார். ஸ்ட்ராட்டோன் முகம் தொங்கிவிட்டது. அதிகாரி நல்ல மனிதர், எழுந்து போகிற அவசரத்தில் பையனிடம் கேட்டார்: "இவ உங்கம்மா இல்லதானே தம்பி? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பு."

எவ்தியாஸ் அந்த வெட்டுப்பட்ட தலைமுடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லித் தொலையேன்டா என்று நான் மனசுக்குள் கதறினேன்.

"இவங்கதான் என் அம்மா" என்றான்.

லிசில்லா பாய்ந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். "பொய்யிங்க! இவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு! பாவி, வாயை மூடுடா!"

"சேக்காளிங்க போனப்போ ஒளிஞ்சுக்கிட்டேன். இப்ப உன்னையும் அடிமைன்னு சொல்லிட்டு, அந்த வீட்டுல உக்காந்து எப்படிம்மா ரொட்டி திம்பேன்?"

அதற்கப்புறம் நீதிமன்றத்தில் அதிக நேரம் ஆகவில்லை. மகனை விற்கத் தீர்ப்பு. வீடு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பறிமுதல். தானே அடிமை என்று சத்தியம் செய்தவளும் அந்தச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தாள்.

எவ்தியாஸை வெள்ளிச் சுரங்கக் குத்தகைக்காரன் எடுத்தான். அங்கே இறங்குகிறவர்கள் வயசாகிச் சாவதில்லை. கயிறு கட்டி இழுத்துப் போகும்போது லிசில்லா ஏலப் பலகையிலிருந்து இறங்கிக் குத்தகைக்காரன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, என்னையும் சேர்த்து வாங்கிக்குங்க. கல்லு உடைக்கிறேன், மண்ணு சுமக்கிறேன். நான் அவனைப் பெத்தவய்யா!"

ஏலக்காரன் அவளைத் தூக்கி நிறுத்தினான். "பெத்தவ இல்லன்னு கல்லைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவ நீதானே? அதனாலதானே இங்க நிக்கிற? ஏதாவது ஒரு பேச்சு பேசும்மா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவதான்யா பெத்தவ!" என்று நான் கத்தினேன்.

"யோவ் தேரோன், நீயும்தான்யா சத்தியம் பண்ணின" என்றான் ஒருத்தன். சிரிப்பு இன்னும் பலமாகக் கேட்டது.

"பெத்தவளோ பெறாதவளோ, சுரங்கத்துக்குப் பொம்பளை எதுக்கு?" என்று குத்தகைக்காரன் காலை உதறிக்கொண்டு போனான். அவள் "எம்புள்ளை, எம்புள்ளை" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவரைக்கிற ஆலைக்காரன் ஒருவன் அவளைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கிப் போனான்.