பால் கணக்கில் ஒரு லீக்கு

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மழை விட்டுப் பனி தொடங்கிவிட்டது, சளி இருமல் ஒன்றும் இல்லையே? முட்டி வலிக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். எங்கள் கூடுவாஞ்சேரி மனை எப்படி வந்தது என்று சொல்லப் போகிறேன். பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு பிளாண்டில் டெக்னீஷியன். எந்தக் குழாயில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ரிடையர் ஆக மூன்று வருஷம். ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், எங்களுக்கோ சொந்தமாக ஒரு அடி மண் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் அரை கிரவுண்டு மனை விலைக்கு வந்தது. எண்பத்து நாலாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"பி.எஃப். லோன் வர ரெண்டு மாசம் ஆவும். வெள்ளிக்கிழமைக்கி டப்புக்கு எங்க போறது?" என்றார் இவர்.

"ஒரு வழி பண்ணலாம்ங்க," என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும் கணக்கு?"

இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. ஒரு வருஷமாக வீட்டுச் செலவு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான். செங்கல்பட்டுக் கல்லூரியில் படித்த என் பெண் ரோகிணிக்காக வாங்கிய மெஷின் அது. வீட்டுக் கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றை அவள்தான் அதில் போட்டுத் தந்தாள். எல்லாம் இங்கிலீஷ். அதில் நாய், பூனைக்கு என்று ஒரு தலைப்பே இருந்தது! அதை அழித்துவிட்டு, 'கோயில்' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, திருக்கழுக்குன்றம் போய்வந்த பஸ் டிக்கெட், தேங்காய், கற்பூரம் எல்லாம் அதில் எழுதினேன். தினமும் சாப்பாடு முடிந்ததும் கத்தரிக்காய் முதல் ஷாம்பு பாக்கெட் வரை தட்டிவிட்டுத்தான் பாத்திரம் தேய்ப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம் இவர் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மிச்சமே இல்லை என்று எனக்குக் காட்டி, மனைப் பேச்சை மூடிவிடலாம் என்று எண்ணம்.

"ரோகிணி, அந்த வட்டம் போட்டுக் காட்டுமே, அதைப் போடு."

கலர் கலராக வட்டம் வந்தது, வெட்டி வைத்த பர்பி மாதிரி. இவர் விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். விரல் பாலில் நின்றது.

"மாசம் அறுநூத்தித் தொண்ணூறா? பாக்கெட்டு ஆறு ரூபா. தெனம் நாலு பாக்கெட்டு கிட்ட வருதே! நம்ம வூட்டுக்கு வர்றது மூணு."

"தெனம் பால்லயா குளிக்கிறோம் நைனா?" என்று ரோகிணி சிரித்தாள்.

"சிரிக்காதே. எங்கியோ லீக்கு கீது. இந்த முனியம்மா நம்மள ஏமாத்திகினு கீறா. காலையில வரட்டும்."

முனியம்மாதான் எங்களுக்குப் பால் போடுகிறவள். எட்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அவள் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்.

ஐந்து வருஷமாக மாதம் நூற்றைம்பது ரூபாய் சிறுவாடு சேர்த்தேன். வீட்டுச் செலவில் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் பெண்கள் ஒதுக்குகிற காசுதானே சிறுவாடு. ஏஜெண்ட் ராஜம் மூலமாகப் போஸ்டாபீஸ் ஆர்.டி.யில் போட்டு வந்தேன். நோட்டில் எழுதிய காலத்தில் அதைப் பாலோடு சேர்த்து எழுதிவிடுவேன். மொத்தம் சரியாக இருந்தால் இவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், பாலைத் தனியாக யார் கூட்டிப் பார்த்தார்கள்? அதே பழக்கத்தில் மெஷினிலும் பால் என்றே அடித்துவிட்டேன். அது வருஷம் முழுக்கக் கூட்டி வட்டம் போடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆர்.டி. போன மாதம்தான் முடிந்திருந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேல். மனைக்கு என்று எடுத்துக் கொடுக்க ஆசை, ஆனால் ஐந்து வருஷப் பொய்யை எந்த வாயால் சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மாடிப்படியில் முனியம்மாவின் சத்தம் கேட்டதும் இவர் முந்திக்கொண்டு கதவைத் திறந்தார்.

"இன்னா முனியம்மா, தெனம் எத்தினி பாக்கெட்டு போட்டுகினு கீற?"

"மூணு தான் சார். ஏன், பால் திரிஞ்சி போச்சா?"

"அப்ப நாலுக்குத் துட்டு வாங்குறியே, எப்படி?"

முனியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எதிர்வீட்டுச் சங்கரி கோலமாவோடு வெளியே வந்து நின்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நாலாவது பாக்கெட்டு நான்தாங்க."

உள்ளே போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பாஸ்புக்கை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். அறுபது மாதம், அறுபது முத்திரை, ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இருவத்தெட்டு வருசமா பிளாண்ட்ல லீக்கு புடிச்சிகினு கீறேன். என் வூட்ல அஞ்சு வருசமா லீக்காயிகினு கீது, கண்டுக்கல பாரேன்!"

"வீணாப் போவல சார், ரொம்பிகினு கீது," என்றாள் முனியம்மா. "அதுக்காவ என்னைத் திருடியாக்கப் பாத்தியே!"

"தப்புதாம்மே, மனசுல வச்சிக்காத."

வெள்ளிக்கிழமை காலையிலேயே பணத்தை எடுத்து அட்வான்ஸ் கட்டினோம். லோன் வந்து பத்திரம் எழுதும்போது யார் பெயரில் என்று கேட்டார்கள்.

"அமிர்தவல்லின்னு எழுதுங்க. எனுக்குத்தான் கணக்கு தெரியாது," என்றார் இவர்.

பத்திர ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் நான் வெட்கப்படவே இல்லை. பேனாவை வாங்கி, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சரி, என் குட்டு உடைந்தது. நீங்கள் சிறுவாட்டை எந்தத் தலைப்பில் ஒளித்தீர்கள்? பாலிலா, பூவிலா, தையல் கூலியிலா? மாட்டிக்கொண்டீர்களா, இல்லையா? ஒளிக்காமல் எழுதிப் போடுங்கள், பார்க்கலாம்.